தலைகீழாய் வெட்டிய ஏழாம் குழி

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி எங்கள் மைதானத்தில் யாரிடம் கேட்டாலும், "நல்ல மனுஷன், ஆனா கொஞ்சம் தலைக்கனம்" என்பார்கள். தலைக்கனத்துக்கு நான் சாட்சி. நல்ல மனுஷன் என்பது அன்றைய பொழுதைப் பொறுத்தது. இருபத்தாறு வருஷமாக இந்த நகராட்சி கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டி, தண்ணீர் பாய்ச்சி, வடிகால் கழுவிக்கொண்டிருக்கிறார். அதற்கு முன் புல்டோசர் ஓட்டினார். இந்த மைதானத்துக்கு மண் தள்ளியதே அவர்தான்.

நான் வாசலில் சீட்டு கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது மாமாதான். பதினெட்டு வருஷத்தில் அதை அவர் எனக்கு ஞாபகப்படுத்தாத வாரம் கிடையாது.

கோல்ஃப் என்றால் பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் எங்கள் ஜன்னலுக்கு வந்து பார்க்க வேண்டும். பஸ் ஓட்டுகிறவர் வருகிறார், பூட்டு ரிப்பேர் செய்கிறவர் வருகிறார், ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்த நர்ஸ் அப்படியே கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறார். செங்கல் சூளைக்கு மண் எடுத்துப் பாழாகக் கிடந்த நிலம் இது. ஒன்பது குழிகள், ஒரு கொட்டகை, என் ஜன்னலுக்கு மேலே மாடியில் ஒரு காபி அறை, இவ்வளவுதான் மைதானம்.

ஒன்பதில் எட்டு ஒழுங்கானவை. குழியில் நட்ட கொடி தெரியும், அதைப் பார்த்து அடிக்கலாம், நன்றாக அடித்தால் நன்றாகப் போகும். ஒழுங்கான குழியைப் பற்றி யாரும் எதுவும் பேசுவதில்லை. ஆடி முடித்து என் ஜன்னலில் சாய்ந்துகொண்டு பேசுவதெல்லாம் ஏழாவதைப் பற்றித்தான். அதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அடாவடி.

அடிக்கும் திட்டில் நின்றால் எதிரே ஒரு பெரிய மேடு. கொடி தெரியாது, குழி தெரியாது, வானம் தெரியும். மேட்டுக்குப் பின்னால் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம், அதன் அடியில்தான் குழியும் அதைச் சுற்றி வழவழப்பாக வெட்டிய புல்லும். பள்ளத்துக்குள் ஆள் இருக்கிறார்களா என்று இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது என்பதால் அங்கே ஒரு மணி கட்டியிருக்கிறது. ஆடி முடித்தவர்கள் அதை அடித்துவிட்டு நகர வேண்டும். அந்தச் சத்தம் கேட்டபின்தான் அடுத்தவர் அடிக்கலாம். காற்று இந்தப் பக்கம் வீசினால் என் ஜன்னல் வரைக்கும் கேட்கும்.

அநியாயம் அத்தோடு முடியவில்லை. நேராக, அழகாக அடித்த பந்து மேட்டின் முதுகில் விழுந்து, வலது பக்கம் எகிறி, வடிகாலில் போய்க் குளிக்கும். கோணல்மாணலாக இடது பக்கம் போன பந்து கிண்ணத்தின் சுவரில் ஏறி, சுற்றிச் சுற்றி இறங்கி, குழியோரமாய் வந்து நிற்கும். சில நாள் குழிக்குள்ளேயே விழும். அப்படி ஒரே அடியில் போட்டவர்களின் பட்டியல் காபி அறையில் மாட்டியிருக்கிறது. பல் டாக்டரின் ஒன்பது வயது மகள், பூட்டு ரிப்பேர்காரர், வேறு ஊரிலிருந்து விருந்துக்கு வந்த யாரோ ஒரு சித்தப்பா, அப்புறம் நான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மட்டையைப் பிடித்தேன், அது உள்ளே போய்விட்டது, அதோடு நிறுத்திக்கொண்டேன். நூற்றுக்கு நூறு வாங்கியபின் மறுபடி பரீட்சை எழுத நான் என்ன பைத்தியமா?

மூன்று முறை மாவட்டச் சாம்பியனான ஒருவர் இருக்கிறார். அடாவடியில் அவர் நான்கு அடிக்குக் குறைந்து முடித்ததே இல்லை. இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று போன மாதமும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை காலையில் முதல் ஆளாக நின்றார். ஏன் என்று கேட்டேன். "மேட்டுல ஏறிப் பார்க்குற வரைக்கும் பந்து குழிக்குள்ளதானே இருக்கு" என்றார். அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

இந்தக் குழியை வரைந்தது பெயர் பெற்ற ஒரு வடிவமைப்பாளர் என்பது ஊரறிந்த விஷயம். பெரியவர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். மைதானத்தை வரைந்து கொடுத்துவிட்டுப் படுக்கையில் விழுந்தவர், திறப்பு விழாவுக்குக்கூட வரமுடியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். ஏழாவதின் பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறது. "பெரியவரின் குறும்பு. திறமைசாலிக்குப் பணிவையும் புதியவருக்குத் துணிவையும் கற்றுத்தரவே இதை இப்படி வரைந்தார்." எழுதியவர் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர், எங்கள் கண் டாக்டர். ஊர்க் கண்ணையெல்லாம் சரி செய்கிறவருக்குக் கண்ணை மறைக்கும் குழிமேல் அப்படி ஒரு காதல்.

அந்தப் பலகையில் உள்ளது பொய் என்று நான்கு பேருக்குத் தெரியும். மாமா, வேலையை மேற்பார்த்துவிட்டு எங்கோ வெளிநாடு போய்விட்ட சூப்பர்வைசர், என் அக்கா. அக்காவின் வாயில் எதுவும் தங்காது என்பதால் நான்காவது நான்.

நடந்தது இதுதான். மண் வேலைக்கு முன்னால் நிலமெங்கும் மரமுளை அடித்து, தலையில் நாடா கட்டி, எத்தனை மீட்டர் என்று எண் எழுதியிருப்பார்கள். மாமா அதுவரை ரோடு போடும் கம்பெனியில் இருந்தவர். அங்கே சிவப்பு நாடா என்றால் மண் கொட்டு, நீலம் என்றால் தோண்டு. இங்கே அதற்கு நேர்மாறு. புல்டோசரை லாரியிலிருந்து இறக்கிய இடம் ஏழாவது. சூப்பர்வைசர் வருவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட வேண்டும் என்று மாமாவுக்குக் கை பரபரத்திருக்கிறது. நிறத்தைப் பற்றி ஒருவரையும் கேட்கவில்லை. முன்னால் பள்ளமும் பின்னால் உயரத்தில் கொடியும் இருக்கவேண்டிய இடத்தில், முன்னால் மேடும் பின்னால் பள்ளமும் எழும்பிவிட்டன. இரண்டே நாள். அளவில் ஒரு சென்டிமீட்டர் பிசகில்லை, எல்லாம் தலைகீழ்.

மூன்றாம் நாள் வந்து பார்த்த சூப்பர்வைசர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாராம். ஏழாவதுக்கான புல்லை ஏற்றிய முதல் லாரி வாசலில் நிற்கிறது, திறப்புக்கு நாள் குறித்தாயிற்று. "புல்லை விரிச்சு மூடு. யாராவது கேட்டா பெரியவர் இப்படித்தான் வேணும்னார்னு சொல்லு" என்றிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. கேட்காததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, பாராட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

திறந்த மாதமே மழை பிடித்தது. கிண்ணம் நிறைந்து, தண்ணீருக்கு மேலே கொடித்துணி மட்டும் தெரிந்தது. வேறு ஊரில் வேலைக்குப் போயிருந்த மாமா, லீவு நாளில் மண்வெட்டியோடு வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. வலது பக்கமாக ஒரு வடிகால் வெட்டி, பகல் முழுக்க நின்று தண்ணீரை வெளியேற்றினார். அடுத்த மழைக்கும் வந்தார். மூன்றாவது மழைக்கு நகராட்சியே கூப்பிட்டு அவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டது. அந்தக் கிண்ணத்தைக் காய வைக்கும் வித்தை வேறு ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் முன்னும் பின்னும் அவர் அங்கேதான் கிடப்பார். என் அக்கா, தனக்கு ஒரு சக்களத்தி உண்டு, அது புல் மூடிய பள்ளம் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

இந்த வருஷம் நகராட்சிக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. மைதானத்தைப் புதுப்பிக்க வெளியூரிலிருந்து ஒரு வடிவமைப்பாளரை அழைத்தார்கள். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் அளவு எடுக்கும் கருவி, எதைக் கேட்டாலும் இரண்டு வார்த்தையில் பதில். பூட்ஸ் அம்மா என்று பெயர் வைத்தோம். பத்து நாள் நடந்து அளந்துவிட்டு, முதலில் சமப்படுத்த வேண்டியது ஏழாவது என்று சொல்லிவிட்டார். கொடி தெரியாமல் அடிப்பது ஆபத்து, தண்ணீர் தேங்குகிறது, திறமைக்கு மதிப்பில்லை. சொன்னது அத்தனையும் உண்மை.

அன்று மாமா சாப்பிடவில்லை. "அதை எடுத்துட்டா நான் இங்க என்ன பண்ணப் போறேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அக்கா தட்டை மூடி வைத்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. காலையில் எழுந்ததும் பழைய ஆள் ஆகிவிட்டார். "எடுக்கமாட்டாங்க" என்றார். எப்படித் தெரியும் என்றால், "எனக்குத் தெரியும்" என்றார். இதைத்தான் தலைக்கனம் என்கிறார்கள்.

ஏழாவதைக் காப்பாற்றக் கண் டாக்டர் கையெழுத்து வேட்டையில் இறங்கினார். புதன்கிழமை சாயங்காலம் காபி அறையில் கூட்டம். நாற்காலி போதாமல் ஜன்னல் விளிம்பிலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நகராட்சிப் பூங்கா அதிகாரி நடுவில், பூட்ஸ் அம்மா ஓரத்தில். மாமா கதவருகே, மண் ஒட்டிய காலை உள்ளே வைக்காமல் நின்றார்.

டாக்டர் அரை மணி நேரம் பேசினார். பெரியவரின் மேதைமை, பெரியவரின் நகைச்சுவை, பெரியவரின் கடைசிப் படைப்பு. கேட்டுக் கேட்டு எனக்கே அந்தப் பொய்யின்மேல் பக்தி வந்துவிட்டது. அதிகாரியும் இளகிவிட்டார்.

"சரி டாக்டர், உங்க பேச்சுக்கே வர்றேன். பெரியவர் வரைஞ்சதை நாம மாத்தவேண்டாம். அவரோட ஆபீஸ்ல பழைய வரைபடம் இருக்கும். அதை வரவழைச்சு, காலப்போக்குல ஏதாவது மாறியிருந்தாக்கூட, ஒரு அங்குலம் பிசகாம அவர் வரைஞ்ச மாதிரியே திருப்பிக் கட்டிடலாம். போதுமா?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. டாக்டர் எழுந்து எல்லாரையும் கும்பிட்டார். நான் மாமாவைப் பார்த்தேன். வரைந்த மாதிரியே கட்டினால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். குழியைக் காப்பாற்றுகிறேன் என்று புறப்பட்டு அதன் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டார்கள். அதுவும் கைதட்டிக்கொண்டு.

மாமா கதவை இரண்டு தட்டுத் தட்டினார். கைதட்டல் அடங்கியது.

"வரைபடத்தை வரவழைக்காதீங்க. அதுல இந்தக் குழி இருக்காது."

"ஏன்?" என்றார் அதிகாரி.

"இதைப் பெரியவர் போடலை. நான் போட்டேன். தப்பாப் போட்டேன்."

பிறகு நாடா கதையைச் சொன்னார். சிவப்பு, நீலம், லாரி, புல், சூப்பர்வைசர் எதையும் விடவில்லை. குரல் நடுங்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மிஷினில் எங்கே பழுது என்று மெக்கானிக் சொல்வதுபோல் சொன்னார்.

டாக்டர் மெதுவாக உட்கார்ந்தார். "இருபது வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு வர்றேனே. பலகை வேற எழுதிவச்சேன். என்னை ஒரு வார்த்தை நிறுத்தியிருக்கக் கூடாதா?" என்றார்.

"நீங்க சொன்னது நல்லா இருந்துச்சு டாக்டர். கேட்டுக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சு. அது என் தப்புதான்."

"இப்ப நாங்க என்னன்னு சொல்லி இதைக் காப்பாத்துறது? புல்டோசர்காரர் நிறத்தை மாத்திப் பார்த்துட்டார்னா?"

"நேத்து வரைக்கும் பிடிச்சது இன்னைக்கு ஏன் பிடிக்காமப் போகணும்? யார் வெட்டினதுன்னுதானே தெரிஞ்சிருக்கு. குழி அதேதானே."

அதிகாரி பேனாவை மூடினார். பெரியவர் பேரில் இல்லையென்றால் தனக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை, நிபுணர் என்ன எழுதுகிறாரோ அதன்படி நடக்கும் என்றார். திங்கட்கிழமை மதியத்துக்குள் அறிக்கை வந்துவிட வேண்டும். நாற்காலிகள் இழுபட்டன. கையெழுத்துப் போட்ட நூற்றுச்சொச்சம் பேரில் பாதிப்பேர், ஏதோ போலி மோதிரத்தைத் தலைமுறையாய்ப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படியிறங்கினார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்கள்மேலா, வாயைத் திறந்த மாமாமேலா என்று அப்போது தெரியவில்லை.

மாமா படிக்கட்டில் பூட்ஸ் அம்மாவை மறித்தார்.

"அம்மா, ஒரு தடவை ஆடிட்டு எழுதுங்க."

"பத்து நாளாப் பார்த்துட்டேன்."

"பார்த்தீங்க. அடிக்கலை."

அந்த அம்மா அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. நான் ஜன்னலைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்து ஸ்டூலில் காபியோடு உட்கார்ந்திருந்தார். பூட்ஸ் அம்மா வந்தார். ஒரே ஒரு மட்டை, கையில் மூன்று பந்து. சீட்டு வாங்கிக்கொண்டு நேராக ஏழாவதை நோக்கித் திரும்பினார். பின்னாலேயே எழுந்த மாமாவைப் பார்த்து, "யாரும் வேண்டாம்" என்றார். மாமா உட்கார்ந்தார்.

"எப்படி அடிப்பாங்க?" என்று கேட்டேன்.

"நேரா அடிப்பாங்க. நடையைப் பார்த்தாலே தெரியுது."

"அப்போ வடிகாலா?"

"வடிகால்தான்."

"இதைக் கேட்டு நான் சந்தோஷப்படணுமா மாமா?"

"பொறு."

கால் மணி நேரம் கழித்து மணி கேட்டது. முதல் பந்து. அவ்வளவுதான், முடிந்தது, திரும்பி வந்து எழுதுவார் என்று நினைத்தேன். வாசலைப் பார்த்தோம். யாரும் வரவில்லை. மாமாவின் காபியில் ஏடு படிந்தது. மறுபடி மணி கேட்டது.

"ரெண்டு" என்றார் மாமா.

"சரிபார்த்திருப்பாங்க. நிபுணராச்சே."

"இருக்கலாம்."

மூன்றாவது மணிக்காகக் காத்திருந்தோம். ஏழே கால் ஆனது. நர்ஸ் வந்து சீட்டு வாங்கிக்கொண்டு போனார். ஏழரை ஆனது. மணி இல்லை. மாமா டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கையில் நாற்பது வருஷத்து மண் இருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இந்த மனிதர் தலைக்கனத்தோடேயே இருக்கட்டும், இவருக்கு இதில் மட்டும் தோல்வி வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது. அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருப்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அதையும் வாராவாரம் ஞாபகப்படுத்துவார்.

எட்டுக்குப் பூட்ஸ் அம்மா வந்தார். முழங்கை வரைக்கும் சேறு. முடி கலைந்து, நெற்றியில் ஒரு புல் ஒட்டியிருந்தது. மட்டை மட்டும் கையில் இருந்தது, பந்து ஒன்றுகூட இல்லை. ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். மாமாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"முதல் ரெண்டும் எகிறி வடிகால்ல விழுந்து, தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. கைவிட்டுப் பார்த்தேன், கிடைக்கலை. தோத்தாலும் மணியடிக்கணுமேன்னு அடிச்சுட்டு வந்தேன்."

"மூணாவது?"

"மூணாவது ரொம்ப நல்ல அடி. எனக்கே தெரிஞ்சது. கண்டிப்பா உள்ளதான்னு மேட்டு உச்சி வரைக்கும் ஓடினேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஓடியே பல வருஷமாச்சு. அங்க போய்ப் பார்த்தா பந்தையே காணோம். இவ்வளவு நேரம் அதைத்தான் தேடினேன்."

நானும் மாமாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம்.

"அறிக்கை மதியத்துக்குள்ள குடுக்கணும் இல்லையாம்மா" என்றேன்.

"தெரியும். மதியத்துக்கு இன்னும் நேரம் இருக்கு." கையைத் துடைத்துக்கொண்டார். "இங்க பந்து கிடைக்குமா?"

நான் அலமாரியைத் திறப்பதற்குள் மாமா எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த அம்மாவின் காலடியில் வைத்தார். விளிம்பு வரைக்கும் பந்து. வெள்ளை, பழுப்பு, சேறு காய்ந்தது, எழுத்து அழிந்தது.

"வடிகால் கழுவுறப்ப எடுத்தது. எல்லாம் உங்களை மாதிரி நேரா அடிச்சவங்களோடது" என்றார்.

அந்த அம்மா குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, வந்ததைவிட வேகமாக ஏழாவதை நோக்கி நடந்தார்.